செருமும் குட்டிக்குத் தேவை காற்று!

மார்கழி பிறந்துவிட்டால் மூலனூர், வெள்ளகோவில், காங்கேயம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் ஆட்டுக் கொட்டகைக்கும் ஒரு போர்வை வந்துவிடும். பழைய தார்ப்பாய், உரச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்த படுதா, எப்போதோ முடிந்துபோன தேர்தலுக்கோ கல்யாணத்துக்கோ அடித்த ஃபிளெக்ஸ் பேனர் என்று கையில் கிடைத்ததை எல்லாம் வைத்து நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். உள்ளே நான்கைந்து வெள்ளாடுகள், கார்த்திகையில் போட்ட ஆறேழு குட்டிகள். இனிப் பனி உள்ளே வராது என்ற நிம்மதியில் வீட்டார் படுக்கப் போவார்கள்.

விடியற்காலையில் மருமகள் போய்ப் படுதாவை விலக்கும்போது, உள்ளேயிருந்து வரும் நெடி கண்ணில் சுள்ளென்று அடிக்கும். மூலையில் ஒரு கிடாக்குட்டி தலையைத் தொங்கப்போட்டு நின்று செருமும். மூக்கில் சளி ஒழுகும்.

"ஏனுங் அத்தை, இந்தக் குட்டி ராத்திரியெல்லாம் செருமிட்டே இருந்துச்சுங்க. தாய்கிட்டயும் போகமாட்டேங்குது."

"பனி புடிச்சிருக்கும் அம்மிணி. அந்தப் பாட்டில எடுத்துட்டு வா. கொஞ்சம் நல்லெண்ணெயும் கசாயமும் ஊத்திவுட்டாச் சரியாப் போயிரும். ராத்திரிக்கு இன்னொரு சாக்கையும் சேத்திக் கட்டிப்போடலாம்."

இருவருமே குட்டியைக் காப்பாற்றத்தான் துடிக்கிறார்கள். ஆடி நோம்பிக்கு விற்றால் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டலாம் என்று அந்தக் கிடாயின் மேல் மருமகள் ஒரு கணக்கு வைத்திருப்பார். ஆனால் இன்னொரு சாக்கைக் கட்டுவதும், பாட்டிலில் எண்ணெய் ஊற்றுவதும்தான் அந்தக் குட்டிக்கு இருக்கிற பெரிய ஆபத்துகள். பனிக்குத் தப்பிப் பிழைத்திருக்கக்கூடிய பல குட்டிகள் இந்த இரண்டுக்கும் தப்புவதில்லை.

ராத்திரியில் உள்ளே என்ன நடக்கிறது?

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் மார்கழி, தை மாதங்களில் பகல் வெயில் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். விடியற்காலையில் அதுவே 20 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். இமயமலை அடிவாரத்து ஆடுகள் படும் குளிரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. உடம்பு உலர்ந்து, வயிறு நிறைந்திருக்கும் வெள்ளாட்டுக் குட்டி இந்தக் குளிரைத் தாங்கிவிடும். அதனால் தாங்க முடியாதவை மூன்று: ஒரே நாளுக்குள் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறி இறங்கும்போது அடிவயிற்றில் படும் ஈரம், நேராக மேலே அடிக்கும் வாடைக் காற்று, மூச்சில் ஏறும் கெட்ட வாயு.

கொட்டகைத் தரையில் ஊறிய மூத்திரமும் புழுக்கையும் சேர்ந்து அம்மோனியா வாயுவைக் கிளப்புகின்றன. கண்ணில் எரிச்சலாக அடித்த நெடி அதுதான். பெரிய ஆடு நிற்கும்போது அதன் மூக்கு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கும். குட்டி படுத்திருக்கும்போது அதன் மூக்கு தரைக்கு நாலு விரற்கடை மேலேதான் இருக்கும். வாயு கிளம்புகிற இடத்திலேயே அது ராத்திரி முழுக்க மூச்சு வாங்குகிறது.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முடிகள் உண்டு. உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளி வெளியேற்றுவது அவற்றின் வேலை. அம்மோனியா அந்த முடிகளைச் செயலிழக்க வைத்துவிடும். பாஸ்டுரெல்லா, மேன்ஹைமியா போன்ற பாக்டீரியாக்கள் நல்ல ஆரோக்கியமான ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலுமே சாதாரணமாகக் குடியிருப்பவை. துடைத்துத் தள்ள ஆள் இல்லை, உடம்பும் அசந்திருக்கிறது என்றால், அவை மெல்ல நுரையீரலுக்கு இறங்குகின்றன. இப்படித்தான் நிமோனியா எனும் நுரையீரல் அழற்சி தொடங்குகிறது. பனி ஒரு சாக்கு. கதவைத் திறந்துவிட்டது கொட்டகைக் காற்று.

தகரக் கூரை போட்ட கொட்டகையில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆடுகள் விடும் மூச்சில் இருக்கும் ஈரம் மேலே போகிறது. குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாகக் குட்டியின் முதுகில் விழுகிறது. பனிக்குப் பயந்து மூடிய கொட்டகைக்குள்ளேயே குட்டி நனைந்துபோகிறது.

பழைய பட்டி சொல்லும் பாடம்

கொங்கு நாட்டுக்குக் கால்நடை புதிதல்ல. கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல் வளர்த்து, இடையிடையே வெள்வேல மரம் விட்டு, மழை குறைந்த நிலத்தையும் மேய்ச்சல் காடாக வைத்திருக்கும் கொரங்காடு முறை காங்கேயம், தாராபுரம், மூலனூர் பகுதிகளுக்கே உரியது. காங்கேயம் மாடும் செம்மறியும் அந்தக் காட்டில் வளர்ந்தவை.

அந்தக் காலத்தில் செம்மறிப் பட்டி என்றால் மூங்கிலிலும் விளாரிலும் முடைந்த படல்களை நாலு பக்கமும் நிறுத்தி வைப்பதுதான். எருவுக்காகச் சில நாளைக்கு ஒருமுறை பட்டியையே அடுத்த இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். படலின் இடுக்கில் காற்று புகும். ஆனால் வேகம் குறைந்து புகும். இடம் மாறுவதால் தரையில் ஈரம் தங்காது. பிறந்த குட்டியை மூங்கில் கூடையால் கவிழ்த்து மூடி வைப்பார்கள். அந்தக் கூடையிலும் இடுக்கு இருக்கும். காய்ந்த தரையும் சுத்தமான காற்றும் யாரும் தனியாக யோசிக்காமலே குட்டிக்குக் கிடைத்தன.

இன்றைக்கு இடம் சுருங்கிவிட்டது. வீட்டை ஒட்டிய பத்துக்குப் பதினைந்து அடிக் கொட்டகையில், வருஷம் முழுக்க அதே தரையில் ஆடு படுக்கிறது. படல் இருந்த இடத்தில் காற்றே புகாத பிளாஸ்டிக் வந்துவிட்டது. முன்பு தானாகக் கிடைத்ததை இப்போது வீட்டார்தான் பார்த்துச் செய்து கொடுக்க வேண்டும்.

இன்று ராத்திரியே செய்ய வேண்டியவை

கொட்டகை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். விடியற்காலையில் படுதாவை விலக்கும் முன் உள்ளே போய், குட்டி படுக்கும் இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, குட்டியின் உயரத்துக்கு முகத்தைத் தாழ்த்தி ஒரு நிமிஷம் மூச்சு இழுத்தால் போதும். கண் கரித்தால், தொண்டை கமறினால், குட்டிக்கு அது எட்டு மணி நேரமாக நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மார்கழிக் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும். அந்த இரண்டு பக்கமும் தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடி உயரத்துக்கு அடைப்பு இருந்தால் படுத்திருக்கும் ஆட்டின் மேல் காற்று அடிக்காது. அதற்கு மேல் கூரைக்குக் கீழே ஒரு அடியாவது சுற்றிலும் திறந்திருக்க வேண்டும். கெட்ட வாயுவும் ஈரமும் அந்த வழியாக வெளியேறும். காலையில் வெயில் ஏறியதும் கிழக்குப் படுதாவைச் சுருட்டி மேலே கட்டிவிட்டால் இளவெயில் நேரே தரைக்கு வரும். அதைவிடச் சிறந்த கிருமிநாசினி வீட்டில் இல்லை.

அடுத்தது தரை. ஈரமான புழுக்கையையும் கூளத்தையும் தினமும் அள்ள வேண்டும். குட்டிகள் படுக்கும் மூலையில் காய்ந்த வைக்கோலோ சோளத்தட்டோ கால் புதையும் அளவுக்குப் பரப்பலாம். முழங்காலை அதில் ஊன்றி எழுந்து பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும். முழங்கால் நனைந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பரண் போட்ட கொட்டகை என்றால் சட்டத்தின் இடுக்கு வழியாகக் கீழிருந்து காற்று ஏறும். குட்டிகள் படுக்கும் பகுதியில் மட்டும் சணல் சாக்கை விரித்து, நனைந்ததும் மாற்றலாம்.

இடநெருக்கடியும் நோய்தான். வளர்ந்த ஆட்டுக்குப் பத்துச் சதுர அடிக்குக் குறையாமலும், குட்டிக்கு நாலைந்து சதுர அடியும் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படுத்தால் கதகதப்பு என்பது உண்மைதான். ஆனால் ஒன்று செருமினால் எல்லாம் செருமும்.

கொசுவுக்கும் குளிருக்கும் சேர்த்து வேப்பந்தழை மூட்டம் போடுவது பல வீடுகளில் வழக்கம். ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் குட்டிக்குப் புகை இன்னொரு சுமை. மூட்டம் போட்டே ஆக வேண்டும் என்றால் சாயங்காலமே கொட்டகைக்கு வெளியே போட்டு, புகை அடங்கிய பிறகு ஆடுகளை அடைக்கலாம்.

பல்ப் போட்டுச் சூடேற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்.இ.டி. பல்ப் வெளிச்சம் தரும்; சூடு தராது. பழைய குண்டு பல்ப்தான் சூடு தரும். அதையும் ஆடு எம்பினாலும் எட்டாத உயரத்தில், வைக்கோலுக்குத் தள்ளி, கம்பி வலைக்கூடு போட்டுத் தொங்கவிட வேண்டும். ஆடு ஒயரைக் கடிக்கும், வைக்கோல் தீப்பிடிக்கும். அந்தப் பாதுகாப்பைச் செய்ய முடியாத இடத்தில் பல்ப் வேண்டாம். பழைய ஸ்வெட்டர் கையை வெட்டிக் குட்டிக்கு மாட்டிவிட்டாலே போதுமான கதகதப்பு கிடைக்கும். அது நனைந்தால் உடனே கழற்ற வேண்டும். வெயில் வந்ததும் கழற்ற வேண்டும்.

முதல் மருந்து தாய் மடியில்

வெள்ளாட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். ஆனி, ஆடியில் சேர்ந்த ஆடு கார்த்திகை, மார்கழியில் குட்டி போடும். அதனால்தான் குளிர்காலமும் குட்டிக்காலமும் ஒன்றாக வருகின்றன.

மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி ஓரளவு வந்துவிடும். ஆட்டுக்குட்டிக்கு அப்படி வருவதில்லை. அது வெறுங்கையோடுதான் பிறக்கிறது. எதிர்ப்புச் சக்தி முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. அதைக் குடல் அப்படியே உறிஞ்சும் வழி பிறந்த சில மணி நேரத்துக்குத்தான் நன்றாகத் திறந்திருக்கும். ஒரு நாள் ஆகும்போது கிட்டத்தட்ட மூடிவிடும்.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லி சீம்பால் உள்ளே போக வேண்டும். அதில் பாதி, பிறந்த நாலைந்து மணி நேரத்துக்குள் போய்விட்டால் நல்லது. 'சீம்பால் கெட்டி, குட்டிக்குச் சேராது, கழியும்' என்று கறந்து கீழே ஊற்றும் பழக்கம் எங்காவது மிச்சமிருந்தால் அதை இந்த மார்கழியோடு விட்டுவிடலாம். மூன்று குட்டி போட்ட ஆட்டிடம், வலுவான இரண்டும் குடித்துவிட, மூன்றாவது ஓரமாக நிற்கும். தை மாதத்தில் செருமப்போகிற குட்டி பெரும்பாலும் அதுதான். அதைப் பிடித்து மடியில் விடுவது வீட்டுப் பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை.

குட்டி வளர்ந்த பிறகும் வயிறுதான் அடுப்பு. பெரிய ஆடுகளுக்கும் தழை கடிக்கத் தொடங்கிய குட்டிகளுக்கும் சாயங்காலம் கடலைக்கொடியோ காய்ந்த தட்டோ கொடுத்தால், ராத்திரி முழுக்க வயிற்றில் தீவனம் நொதித்து உடம்புக்குச் சூடு தரும். காலையில் புல்லின் மேல் பனி காய்ந்த பிறகே மேய்ச்சலுக்கு அவிழ்க்க வேண்டும்.

குட்டியைப் படிப்பது எப்படி?

எல்லாச் செருமலும் ஆபத்து அல்ல. தண்ணீர் போன்ற மூக்கொழுகல் இருந்து, குட்டி துள்ளிக்கொண்டு பால் குடித்தால், கொட்டகையைச் சரிசெய்து ஒருநாள் கூர்ந்து கவனிக்கலாம். மூக்குச் சளி கெட்டியாக, மஞ்சளாக மாறினால், தாயிடம் போகாமல் ஒதுங்கினால், விலா எலும்பு தெரிய மூச்சு வாங்கினால், கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு விட்டால், அன்றைக்கே கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். நாளை என்பது நிமோனியா பிடித்த குட்டிக்கு மிகத் தூரம்.

மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை ஆடுகளுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளலாம். முனையில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்தால் ஒரு நிமிஷத்தில் கணக்கு தெரியும். ஆட்டின் இயல்பான சூடு 101.5 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட். மனிதருக்கு 102 என்றால் காய்ச்சல். ஆட்டுக்கு அது சுகம். 104-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

காய்ச்சலைவிடப் பயப்பட வேண்டியது சூடு இறங்குவது. 100-க்குக் கீழே போய், வாய்க்குள் விரல் விட்டால் சில்லென்று இருந்தால், குட்டி ஒடுங்கிக்கொண்டிருக்கிறது. அப்போது அவசரப்பட்டுப் பால் புகட்டக் கூடாது. ஒடுங்கிய குட்டியின் குடல் பாலைச் செரிக்காது. விழுங்கவும் அதற்குத் தெம்பு இராது. முதலில் உலர்ந்த துணியால் தேய்த்து, கம்பளியில் சுற்றி, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துச் சூடேற்ற வேண்டும். உடம்பு சூடாகி, தானே தலையைத் தூக்கிய பிறகுதான் பால்.

மூச்சையும் எண்ணலாம். வெயில் ஏறும் முன், குட்டி அமைதியாகப் படுத்திருக்கும்போது, விலா ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். 40-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் மருத்துவரிடம் சொல்ல அது ஒரு முக்கியமான தகவல். சூடு இவ்வளவு, மூச்சு இவ்வளவு, பால் குடித்து இத்தனை நேரம் ஆகிறது என்று மூன்று கணக்கையும் சொன்னால் போனிலேயே அவருக்குப் பாதி புரிந்துவிடும். அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிச் செல்ல முடியாவிட்டால், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க 1962 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

பாட்டிலை எடுக்கும் முன்

மாமியார் சொன்ன கஷாயத்துக்கு வருவோம். துளசி, கற்பூரவல்லி, தூதுவளை, ஆடாதோடை என்று வேலியோரத்து மூலிகைகளைச் சளிக்குப் பயன்படுத்துவது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். ஆடு தொடாத இலை என்பதால்தான் ஆடாதோடை என்று பெயர் வந்தது என்பார்கள். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, லேசான சளிக்கு இவற்றைக் கொடுப்பதில் பிழை இல்லை. பிழை, ஊற்றும் விதத்தில் இருக்கிறது.

குட்டியைத் தொடைகளுக்கு இடையே இடுக்கி, தலையை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, வாயைப் பிளந்து பாட்டிலைக் கவிழ்த்தால், உள்ளே போவது இரைப்பைக்கா மூச்சுக்குழலுக்கா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நல்ல குட்டி என்றால் இருமித் துப்பிவிடும். சோர்ந்த குட்டிக்கு இருமவே வலு இருக்காது. புரையேறிய கஷாயம் நேரே நுரையீரலுக்குப் போகும். எண்ணெயாக இருந்தால் இன்னும் மோசம். அது வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். இருமினாலும் வெளியே வராது. 'மருந்து ஊத்தியும் சாயங்காலமே செத்துப்போச்சு' என்று சொல்லப்படும் குட்டிகளில் சில, மருந்து ஊற்றியதாலேயே செத்தவை.

ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் குட்டி நின்றுகொண்டிருக்க வேண்டும். அதன் மூக்கு, கண்ணின் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. ஊசி இல்லாத சிரிஞ்சை வாயின் ஓரத்தில் பல் இல்லாத இடைவெளியில் நுழைத்து, இரண்டு மூன்று மில்லியாக விட்டு, விழுங்குவதைத் தொண்டையில் பார்த்த பிறகே அடுத்ததை விட வேண்டும். இருமினால் உடனே தலையைத் தாழ்த்திவிட வேண்டும். படுத்துவிட்ட குட்டிக்கும், பால் உறிஞ்ச மறுக்கும் குட்டிக்கும், மூச்சு இரைக்கும் குட்டிக்கும் வீட்டில் எதுவுமே ஊற்றக் கூடாது.

ஊசி மருந்திலும் ஒரு வார்த்தை. நிமோனியாவுக்கு எந்த ஆன்டிபயாடிக், எத்தனை மில்லி, எத்தனை நாள் என்பதைக் குட்டியின் எடையைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். மாட்டுக்கு வாங்கி மிச்சம் வைத்த மருந்தைக் கண்ணளவில் போடுவதும், இரண்டாம் நாள் குட்டி எழுந்து நின்றதும் ஊசியை நிறுத்துவதும், அடங்கிய நோயை அடுத்த வாரம் இன்னும் வலுவாகத் திரும்பக் கூப்பிடும் வேலைகள்.

எல்லாமே சளி அல்ல

மூக்கொழுகலோடு வாயில் புண், கண்ணில் பீளை, கடுங்காய்ச்சல், நாற்றமடிக்கும் கழிச்சல் என்று சேர்ந்து வந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஆடுகள் விழுந்தால் அது ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். பி.பி.ஆர். என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். 1942-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த வைரஸ் நோய், இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1987-ல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில்.

பத்து வருஷம் கழித்து கோவையும் இந்தக் கதையில் சேர்ந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஆட்டுக்கொல்லித் தடுப்பூசிகளுக்கான இரண்டு வைரஸ் வகைகளின் பெயர்கள் 'அரசூர் 87', 'கோயம்புத்தூர் 97'. முதலாவது செம்மறியிடமிருந்து எடுத்தது. இரண்டாவது வெள்ளாட்டிடமிருந்து எடுத்தது. நோயால் வந்த பெயர் பிறகு பாதுகாப்பின் பெயராகிவிட்டது.

இந்த நோய்க்குத் தடுப்பூசிதான் வழி. மூன்று, நான்கு மாதக் குட்டிக்கு ஒருமுறை போட்டால் பாதுகாப்பு மூன்று ஆண்டுகளுக்காவது நிற்கும். அதற்கு முன்பே போட்டால் சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்புச் சக்தியே ஊசியை வேலை செய்யவிடாது. அந்த மூன்று மாதமும் குட்டியைக் காப்பது தாய்க்குப் போட்ட ஊசிதான். அதனால் தாய் ஆட்டுக்குச் சினைக்கு முன்பே தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்த்துவைப்பது மார்கழிக்கான ஏற்பாடுகளில் முதலாவது. மாட்டினத்தை வாட்டிய வெக்கை நோய் தடுப்பூசியால்தான் உலகத்தைவிட்டே போனது. 2011-ல் அதை அறிவித்தார்கள். ஆட்டுக்கொல்லியையும் 2030-க்குள் அப்படியே ஒழிப்பது என்று உலக அமைப்புகள் இலக்கு வைத்திருக்கின்றன.

கன்னிவாடிச் சந்தையிலோ வேறெந்தச் சந்தையிலோ வாங்கிய ஆட்டை அன்றைக்கே சொந்த ஆடுகளோடு அடைக்கக் கூடாது. மூன்று வாரம் தனியாகக் கட்டி வைத்துப் பார்க்க வேண்டும். தனி ஆடு கத்தும். கேட்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஆறேழு குட்டிகளுக்கும் அதுதான் காவல்.

ஒரு அடி இடைவெளி

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வெள்ளாடுகள் ஏறத்தாழ ஒரு கோடி. அவற்றில் பெரும்பங்கு பெரிய பண்ணைகளில் இல்லை. மூன்றும் நாலுமாக வீட்டுக் கொல்லைகளில் இருக்கின்றன. தீவனம் வைப்பது, குட்டியைப் பார்ப்பது, கூளம் அள்ளுவது என்று எல்லாம் பெண்கள் கையில். 2011-ல் ஏழைப் பெண்களுக்கு அரசு நாலு ஆடுகள் கொடுக்கும் திட்டம் கொண்டுவந்தபோது அதற்குப் பின்னால் இருந்த கணக்கும் இதுதான்: ஆடு என்பது அவசரத்துக்கு எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு. ஒரு குட்டி செத்தால் குறைவது ஆடு மட்டுமல்ல. ஒரு வருஷத்துச் சேமிப்பு.

அந்தத் தோட்டத்து வீட்டில் மாமியாரும் மருமகளும் செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. செருமும் குட்டியைத் தாயோடு சேர்த்துத் தனியே உலர்ந்த இடத்தில் கட்டி, சூடும் மூச்சும் பார்த்து, மருத்துவருக்குப் போன் போட வேண்டும். எண்ணெய்ப் பாட்டிலை மறுபடியும் சமையலறைக்கே அனுப்பிவிட வேண்டும். சாயங்காலத்துக்குள் ஈரக் கூளத்தை அள்ளி, காய்ந்த வைக்கோல் பரப்பி, ஃபிளெக்ஸின் மேல்பக்கத்தை ஒரு கத்தியால் நீளமாக ஒரு அடிக்கு வெட்டிவிட வேண்டும்.

"இப்படித் திறந்துபோட்டா பனி அடிக்காதா அம்மிணி?"

"குட்டி கீழதான படுக்குதுங் அத்தை. காத்து மேலயே போயிருமுங்க."

மறுநாள் விடியற்காலை படுதாவை விலக்கும்போது கண் கரிக்கவில்லை என்றால், குட்டிகளுக்கும் அந்த ராத்திரி நல்ல ராத்திரியாகவே போயிருக்கும்.